பச்சப்புள்ளைய டெட்டால் தண்ணியில குளிப்பாட்டாதீங்க

எங்க அக்கா பொண்ணுக்கு பென்னாகரம் பக்கம், குழந்தைய வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த அன்னைக்கே அவ மாமியார் ஒரு டெட்டால் பாட்டில் வாங்கி ரெடியா வச்சிருந்தாங்க, குளிக்கிற தண்ணியில ஒரு மூடி ஊத்தினா கிருமி அண்டாதாம். பாசந்தான், ஆனா பச்சத்தோல் ரொம்ப மெல்லிசு, அந்த மருந்து எரிச்சலத்தான் குடுக்கும்.

மொதல்ல உங்க கை. வளையல், மோதிரம் கழட்டிட்டு சோப்பு போட்டு 40ல இருந்து 60 செகண்ட் வரைக்கும், நகத்துக்கு அடியிலயும் சேத்து கழுவுங்க. பால் குடுக்க முன்னாடி, துணி மாத்தின பின்னாடி, ஒவ்வொரு தடவையும். பாக்க வர்ற சொந்தக்காரங்க கோவிச்சுக்குவாங்க, பரவால்ல, அவங்களையும் கழுவிட்டு வரச் சொல்லுங்க, சளி இருக்கறவங்க அப்புறமா வரட்டும்.

பொறந்து 24 மணி நேரம் ஆகறதுக்குள்ள குளிப்பாட்டக் கூடாது. உடம்புல மாவு மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கே, அது தோலுக்கு பாதுகாப்பு, தேய்ச்சு எடுக்காதீங்க. எடை கம்மியான குழந்தைன்னா டாக்டர் சொல்ற வரைக்கும் துடைச்சு விட்டா போதும். ஜன்னல சாத்திட்டு, முழங்கைய விட்டுப் பாத்தா சூடு தெரியாத அளவுக்கு வெதுவெதுன்னு தண்ணி எடுத்து, மெத்துனு துணிய நனைச்சு கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு எல்லாம் துடைச்சு உடனே ஈரம் இல்லாம ஒத்தி எடுங்க, ஏன்னா மடிப்புல ஈரம் நின்னாத்தான் புண்ணாகுது. தேன்கனிக்கோட்டை, ஓசூர் பக்கம் மார்கழி குளிர்ல துடைக்கிறப்ப ஒரு பக்கம் மூடிக்கிட்டு ஒரு பக்கமா செய்ங்க.

தொப்புள்கொடிதான் முக்கியம், கிருமி உள்ள போற வாசலே அதான். வசம்புக் கரி, விபூதி, மஞ்சள், விளக்கெண்ணெய் எதுவும் வைக்காதீங்க, பாட்டி எவ்ளோ சண்டை போட்டாலும். நாப்கினை தொப்புளுக்கு கீழ மடிச்சு கட்டுங்க, காத்து படட்டும். அழுக்கு பட்டா சுத்தமான தண்ணியில கழுவி ஒத்திடுங்க. பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள தானா விழுந்துடும், இழுக்காதீங்க.

சாணி மாதிரி எதையாவது கொடியில தடவுற பழக்கம் இருக்கற இடங்களுக்குத்தான் உலக சுகாதார நிறுவனம் குளோர்ஹெக்சிடின்ங்கிற கிருமிநாசினி மருந்த தடவச் சொல்லுது, மொத வாரம் மட்டும், தினமும் ஒரு தடவ. நேபாளத்துல அதே மருந்த 0.25 சதவீதம் கலந்து பொறந்த குழந்தை உடம்ப ஒரு தடவ துடைச்சு பாத்தாங்க, எடை கம்மியா பொறந்த குழந்தைங்க சாவு கொறைஞ்சுது, எல்லா குழந்தையையும் சேத்து பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல. அப்ப அங்க பெரும்பாலும் வீட்டுப் பிரசவம், அத வச்சுக்கிட்டு நாம மெடிக்கல்ல போய் வாங்கறது வேணாம். டாக்டரே குடுத்தா கொடியிலயும் அதோட அடியிலயும் மட்டும் தடவுங்க. கண்ணு மருந்துன்னு நெனச்சு கண்ணுல ஊத்தி கண்ணு கெட்டுப்போன கேஸ் எல்லாம் இருக்கு, அதனால கண்ணு சொட்டு மருந்து பக்கத்துல இத வைக்கவே வைக்காதீங்க.

தொப்புள சுத்தி செவந்து வயித்துக்கு பரவுறது, சீழ், நாத்தம், தோல்ல சீழ்க் கொப்புளம், பால் குடிக்காம சோந்து கெடக்கறது, ஒடம்பு கொதிக்கறது இல்ல சில்லுனு ஆகறது, நிமிஷத்துக்கு 60க்கு மேல மூச்சு வாங்கறது, இதுல ஒண்ணு இருந்தாலும் கை வைத்தியம் வேணாம், விடியட்டும்னு காத்திருக்கவும் வேணாம், 108க்கு போன் பண்ணி தருமபுரியோ கிருஷ்ணகிரியோ பெரியாஸ்பத்திரிக்கு கெளம்புங்க. போற வழியில குழந்தைய அம்மா நெஞ்சோட ஒட்டி வச்சு மேல போர்த்திக்கிட்டு, குடிக்க முடிஞ்சா பால் குடுத்துட்டே போங்க.