கேம்பிங்குக்குக் கைக்கோடாரியா, டோமஹாக்கா? முதல்முறை வாங்குபவர்களுக்கு

கனடா, அமெரிக்கா பக்கம் இருக்கிற நம் ஆட்கள் கோடை வந்தால் கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மசாலாவில் ஊறவைத்த கோழி என்று எல்லாவற்றையும் பட்டியல் போட்டு எடுத்து வைக்கிறார்கள். கோடாரியை மட்டும் போகிற வழியில் ஏதோ ஒரு கடையில் கைக்குக் கிடைத்ததை வாங்கிக்கொள்கிறார்கள். இது எனக்குப் பெரிய கவலை, ஏனென்றால் மொக்கையான, தலை ஆடுகிற கோடாரியை இருட்டில் ஒருவர் ஓங்குவதும் பக்கத்தில் பிள்ளைகள் நிற்பதும் முகாம்களில் அடிக்கடி கண்ணில் படுகிற காட்சி.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் கோடாரிக்கு 35 செ.மீ. அளவு நீளமும் 600 கிராம் அளவு தலையும் உள்ள கைக்கோடாரி போதும். மெல்லிய தலையும் நீளக் காம்பும் உள்ள வட அமெரிக்கப் பூர்வகுடிக் கோடாரியான டோமஹாக் நல்ல கருவிதான், ஆனால் அதன் வேலை வேறு. எப்படிப் பார்த்து வாங்குவது என்று படிப்படியாகப் போகலாம்.

படி 1: என்ன வேலைக்கு என்று முதலில் தீர்மானியுங்கள்

காட்டுக்குப் போய் மரம் வெட்டப் போகிறோம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களில் உயிருள்ள மரத்தில் கை வைக்கக் கூடாது. கார் போகிற முகாம்களில் கீழே கிடக்கிற குச்சியைப் பொறுக்குவதற்கும் அனுமதி இல்லை. அல்கோன்குவின் பூங்கா போன்ற இடங்களில் கேனோ என்கிற துடுப்புப் படகு ஓட்டி உள்ளே தங்குபவர்கள் மட்டும் தரையில் கிடக்கிற காய்ந்த கட்டையை எரிக்கலாம். வீட்டிலிருந்து விறகு கொண்டு போவதும் தப்பு. 2002-இல் டெட்ராய்ட், வின்ட்சர் பகுதிகளில் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்ட் ஆஷ் போரர் என்கிற பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது, அது ஊர் விட்டு ஊர் போன வழிகளில் முக்கியமானது மனிதர்கள் வண்டியில் ஏற்றிச் சென்ற விறகு. அதனால் எரிக்கிற இடத்திலேயே விறகு வாங்குங்கள்.

அங்கே கிடைப்பது ஏற்கெனவே பிளந்து பையில் போட்ட விறகு, முன்கை தடிமன் இருக்கும், தீக்குச்சிக்கு உடனே பற்றாது. அதை இன்னும் மெல்லிசாக, விரல் தடிமனுக்குப் பிளந்து சிராய் ஆக்குவதுதான் உங்கள் கோடாரிக்கு முக்கால்வாசி வேலை. கட்டையைக் குறுக்கே துண்டாக்க வேண்டுமென்றால் மடக்கு ரம்பம் வாங்குங்கள், கைக்கோடாரியைவிட வேகமாகவும் ஆபத்தில்லாமலும் அறுக்கும். ஆகவே தேடுவது பிளக்கிற கருவியை. இதை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் குழப்பம் பாதி தீரும்.

படி 2: இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள்

கைக்கோடாரியில் காம்பைத் தலைக்குக் கீழிருந்து நுழைத்து, மேலே வெளியே வந்த முனையில் ஆப்பு அடித்து இறுக்கியிருப்பார்கள். தலையின் கன்னங்கள், அதாவது இரண்டு பக்கங்களும், வாயிலிருந்து (வெட்டுகிற கூர் ஓரம்) பின்னால் போகப் போகத் தடிக்கும். அந்தத் தடிப்புதான் விறகை இரண்டு பக்கமும் தள்ளிப் பிளக்கிறது.

டோமஹாக்கில் காம்பு மேலிருந்து கீழே இறங்கும். நம் ஊர்க் குந்தாலி, சில ஊர்களில் பிக்காசு என்பார்களே, அதற்குக் காம்பு போடுகிற அதே முறை: மேல் முனை பருத்திருக்கும், வீச வீசத் தலை அந்தப் பருத்த முனையில் போய் இறுகும். ஆப்பு கிடையாது. தலை மெல்லியது, எடை குறைவு, காம்பு மட்டும் 45 முதல் 55 செ.மீ. வரை நீளம்.

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிப் பூர்வகுடிகளிடமிருந்து வந்த கருவி இது. முதலில் கல் தலை, ஐரோப்பியர்களோடு வணிகம் தொடங்கியபின் இரும்புத் தலை. ஒரு பக்கம் வாய், மறுபக்கம் புகையிலைக் கிண்ணம், காம்புக்குள் புகை வர ஓட்டை என்று செய்த புகைக்குழாய் டோமஹாக்குகளை இன்றும் அருங்காட்சியகங்களில் பார்க்கலாம், அவை பேச்சுவார்த்தைகளின்போது பரிசாகக் கைமாறியவை. வியட்நாம் போர்க்காலத்தில், 1966 முதல் 1970 வரை, பீட்டர் லகானா என்பவர் பின்பக்கம் கூர்முனை வைத்த ஒரு வடிவத்தைச் செய்து படைவீரர்களுக்கு விற்றார். இன்று கடைகளில் கறுப்புப் பூச்சோடு தொங்குகிற ‘டாக்டிகல்’ டோமஹாக்குகளுக்கு முன்மாதிரி அதுதான்.

சரி, முகாமில் இதன் பயன் என்ன? சுமந்துகொண்டு பல நாள் நடப்பவருக்கு எடை குறைவு ஒரு வரம். கிளைகளைக் கழிக்க மெல்லிய தலை நன்றாக இறங்கும். தலையைக் கழற்றிக் கையில் பிடித்து மரம் செதுக்கலாம். காம்பு உடைந்தால் காட்டிலேயே ஒரு காய்ந்த கட்டையைச் சீவிப் புதுக்காம்பு போட்டுக்கொள்ளலாம், இதைக் கைக்கோடாரியில் செய்வது லேசில்லை. எறிந்து விளையாட நினைப்பவருக்கும் இதுவே சரி. ஆனால் விறகு பிளக்கும்போது அந்த மெல்லிய தலை கட்டையில் செருகிக்கொண்டு நின்றுவிடும். நீங்களும் காம்பைப் பிடித்து ஆட்டி ஆட்டிப் பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள்.

பின்பக்கம் கூர்முனை உள்ளதைக் கேம்பிங்குக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஓங்கும்போது அந்த முனை உங்கள் முகத்தைப் பார்த்து வருகிறது. முகாமில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

படி 3: எடையும் நீளமும்

தலை 450 கிராமுக்குக் கீழே போனால் விறகு பிளக்கச் சக்தி போதாது, 700-க்கு மேலே போனால் ஒற்றைக் கையில் மணிக்கட்டு சோர்ந்துவிடும். நீளம் 30 முதல் 40 செ.மீ. உங்கள் கை எப்படியோ அதற்கேற்ப இந்த வரம்புக்குள் தேர்ந்தெடுங்கள்.

ஒரு விஷயத்தைப் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். சின்னக் கோடாரி என்றால் ஆபத்து குறைவு என்று நினைக்கிறார்கள். நீளக் காம்புள்ள பெரிய கோடாரி குறி தப்பினால் பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் தரையில் போய்ப் பதியும். காம்பு குட்டையாக இருந்தால் அதே வீச்சின் வளைவு உங்கள் முழங்காலிலோ கணுக்காலிலோ வந்து முடியும். இதற்கான வழியைப் படி 7-இல் சொல்கிறேன், அதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

படி 4: காம்பைச் சோதியுங்கள்

மரக்காம்பு என்றால் ஹிக்கரி அல்லது ஆஷ். ஹிக்கரிதான் அதிகம் கிடைக்கும், அதிர்ச்சியை நன்றாகத் தாங்கும். கடையில் ஒரே மாடலில் பத்துக் கோடாரி தொங்கினால் பத்தையும் எடுத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம், விலை ஒன்றுதான், காம்பு ஒன்றல்ல. காம்பின் அடிமுனையைத் திருப்பினால் வளர்ச்சி வளையக் கோடுகள் தெரியும். அவை கோடாரி வாயின் போக்கிலேயே, நெடுக்காக ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் வலு குறைவு. அப்புறம் காம்பின் பக்கவாட்டில் நார் மேலிருந்து கீழ்வரை தொடர்ந்து ஓடுகிறதா என்று பாருங்கள், பாதியில் சாய்ந்து ஓரத்தில் வெளியேறினால் அந்த இடத்தில்தான் ஒருநாள் முறியும். முடிச்சு உள்ள காம்பு கூடாது.

பளபளவென்று வார்னிஷ் பூசிய காம்பு வியர்வையில் வழுக்கும், உள்ளங்கையைக் கொப்புளமாக்கும். வாங்கியபின் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகப் பூசுங்கள். அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது உலரும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும், உண்மையாகவே நடக்கிற விஷயம். விரித்து வெளியே உலர்த்திவிட்டுப் போடுங்கள்.

முழுக்க இரும்பாக, தலையும் காம்பும் ஒரே துண்டாகச் செய்தவையும் உண்டு. தலை கழன்று பறக்கும் என்ற பயமே இல்லை, ஆனால் அதிர்வு நேராகக் கைக்கு வரும், குளிரில் ஜில்லென்று இருக்கும். நைலான் கலவைக் காம்புகள் எடை குறைந்தவை, மழை வெயிலுக்கு அசையாது, உடைந்தால் மட்டும் மாற்ற முடியாது.

படி 5: தலையையும் வாயையும் பாருங்கள்

வாயை உங்கள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காம்பின் நீளத்தைப் பாருங்கள். வாய்க்கோடும் காம்பின் நடுக்கோடும் ஒன்றாக வர வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். தலைக்கும் காம்புக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தாலும், குலுக்கினால் லேசாக ஆடினாலும் வேண்டாம். ‘ஹட்சன் பே’ என்ற வடிவம் பார்க்க மிக அழகாக இருக்கும், ஆனால் அதில் காம்பு நுழைகிற துளையின் உயரம் குறைவு, பிடிமானமும் குறைவு, தலை தளர்வது அதன் பழைய நோய். முதல் கோடாரியாக அதைத் தவிர்க்கலாம்.

எஃகு கார்பன் எஃகாக இருக்கட்டும். துருப்பிடிக்காத எஃகு என்று எழுதியிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், கோடாரி மேல் விழுகிற அடிகளைக் கார்பன் எஃகே நன்றாகத் தாங்குகிறது, தீட்டுவதும் சுலபம். துருவுக்கு ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

படி 6: எந்தப் பெயரைப் பார்த்து வாங்கலாம்

குறைந்த விலையில் நம்பி வாங்க ஃபிஸ்கார்ஸ் எக்ஸ்7. 1649-இல் ஃபின்லாந்தில் இரும்புப் பட்டறையாகத் தொடங்கிய நிறுவனம், நைலான் கலவைக் காம்பு, பெட்டியிலிருந்து எடுக்கும்போதே கூர் நன்றாக இருக்கும். புதிதாகத் தொடங்குபவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். ஒரே துண்டு இரும்பு வேண்டுமென்றால் இல்லினாயின் ராக்ஃபோர்டில் 1923-இலிருந்து இயங்குகிற எஸ்ட்விங், தோல் வளையங்கள் அடுக்கிய கைப்பிடி. மரக்காம்பில் நடுவிலைக்கு வட கரோலினாவின் கவுன்சில் டூல், கொஞ்சம் தீட்டிக்கொள்ள வேண்டியிருக்கலாம். காசு பிரச்சினை இல்லை, வாழ்நாளுக்கும் ஒன்று போதும் என்றால் ஸ்வீடனின் கிரான்ஸ்ஃபோர்ஸ் புருக். தலையை அடித்து உருவாக்கிய கொல்லரின் பெயரெழுத்துகள் தலையிலேயே பதிந்திருக்கும். டோமஹாக்தான் வேண்டும் என்றால் கோல்டு ஸ்டீலின் டிரெயில் ஹாக், ஹிக்கரிக் காம்பு, பின்பக்கம் தட்டையான சுத்தி முனை.

படி 7: முதல் வெட்டுக்கு முன்

தொட்டுப் பார்த்தால் மொக்கை என்று தெரிகிற கோடாரியை அப்படியே எடுத்துப் போகாதீர்கள், மொக்கை வாய் கட்டையில் இறங்காமல் வழுக்கிக் காலுக்கு வரும். தட்டை அரத்தால் ஒரே திசையில் தள்ளித் தேய்த்து, மறுபக்கம் பிசிர் எழும்பியதும் திருப்பித் தேய்த்து, பிறகு வட்டக் கல்லால் சின்னச் சின்ன வட்டமாகத் தீட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி அளவு சாய்வு போதும். அரத்தைத் தள்ளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

பிளக்கும்போது நிற்காதீர்கள். இரண்டு முழங்காலும் தரையில் படும்படி மண்டியிட்டு, அகலமான அடிக்கட்டையை உங்களுக்கு முன்னால் தள்ளி வையுங்கள். குறி தப்பினாலும் வாய் கட்டையிலோ மண்ணிலோதான் போய் நிற்கும். விறகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கோடாரியை வீசுவது கூடவே கூடாது. பதிலாக, கோடாரி வாயை விறகின் தலைப்பில் நார்ப்போக்கில் வைத்து, விறகையும் கோடாரியையும் சேர்த்துத் தூக்கி, இரண்டையும் ஒன்றாக அடிக்கட்டையில் தட்டுங்கள். இரண்டு தட்டில் வாய் உள்ளே இறங்கும், அதன்பின் விறகிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தொடர்ந்து தட்டுங்கள், பிளந்துவிடும். வீச்சே தேவையில்லை. வாய் சிக்கிக்கொண்டால் கோடாரியின் பின்பக்கத்தை ஒரு கட்டையால் தட்டலாம், இரும்புச் சுத்தியலால் ஒருபோதும் தட்டாதீர்கள், துளை விரிந்து தலை பாழாகும்.

கடுங்குளிரில் முகாம் போட்டால் கோடாரி வாயைக் கையுறைக்குள்ளோ ஜாக்கெட்டுக்குள்ளோ உறையோடு கொஞ்ச நேரம் வைத்துச் சூடேற்றிவிட்டு வேலை தொடங்குங்கள். உறைந்த எஃகு உறைந்த முடிச்சில் மோதினால் வாயில் சில்லு பெயரும்.

படி 8: கொண்டு போவதும் வைப்பதும்

வாயை முழுக்க மூடுகிற உறை இல்லாமல் கோடாரி வாங்காதீர்கள். வேலை இல்லாத நேரம் உறைக்குள் இருக்க வேண்டும், அடிக்கட்டையில் குத்தி விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது, பிள்ளைகள் முதலில் ஓடுவது அதை நோக்கித்தான். இருட்டிய பிறகு வெட்ட வேண்டாம், ராத்திரிக்கு வேண்டிய சிராயை மாலையிலேயே தயார் செய்துவிடுங்கள். விமானத்தில் போவதானால் கைப்பையில் கூடாது, உறை போட்டுச் சுற்றிச் செக்-இன் பெட்டியில் வையுங்கள். வீடு வந்ததும் துடைத்து, வாயில் எண்ணெய் தடவி, ஹீட்டர் பக்கம் இல்லாத இடத்தில் வையுங்கள். குளிர்கால வீட்டின் வறண்ட காற்றில் மரக்காம்பு சுருங்கித் தலை ஆடத் தொடங்கும். அப்படி ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுகிற பழக்கம் பலரிடம் இருக்கிறது, அன்றைக்கு இறுகும், காய்ந்தபின் முன்னைவிட அதிகமாக ஆடும். காம்பின் மேல் முனையில் ஆளிவிதை எண்ணெய் ஊறவிட்டு ஆப்பைத் தட்டி இறக்குங்கள், அதற்கும் ஆடினால் காம்பை மாற்றும்வரை அந்தக் கோடாரியைத் தொடாதீர்கள்.