கைக்குழந்தைக்கு வெயிட் சரியா ஏறுதான்னு பாக்குறது எப்படி

பச்சப்புள்ளைய பாக்க வர்ற சொந்தக்காரங்க எல்லாருமே மொதல்ல கேக்குறது "என்னம்மா இவ்ளோ ஒல்லியா இருக்கு, பால் பத்தலையா"ன்னு தான். அதக் கேட்டுட்டு நல்லா பால் ஊறுற அம்மா கூட பயந்துபோய் மறுநாளே பவுடர் பால் டின் வாங்கிடுறாங்க. அந்த டின்ன வாங்குறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ முழுசா படிச்சிடுங்க ப்ளீஸ். கன்னம் புசுபுசுன்னு இருக்கறத வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க, நாம பாக்க வேண்டியது ரெண்டு விஷயம், தாய் சேய் நல அட்டைல போடுற வெயிட் கோடு, அப்புறம் குழந்தை எத்தன தடவ ஒண்ணுக்கு போகுதுங்கறது.

பொறந்த மொத சில நாள்ல கிட்டத்தட்ட எல்லா குழந்தைக்கும் வெயிட் கொறையும். 3 கிலோல பொறந்தது 2.8 ஆயிடும், இது நார்மல் தான். ஆனா 7 சதவீதத்துக்கு மேல கொறஞ்சா குழந்தை சரியா சப்புதான்னு நர்ஸ்கிட்ட காட்டணும், 10 சதவீதத்த தாண்டுச்சுன்னா டாக்டர் கட்டாயம் பாக்கணும். 10லேந்து 14 நாளுக்குள்ள பொறந்த வெயிட் திரும்ப வந்துடணும். அதுக்கப்புறம் மொத மூணு மாசம் ஒரு நாளைக்கு சுமாரா 25, 30 கிராம் ஏறும், அதாவது வாரத்துக்கு 175லேந்து 210 கிராம். நாலாவது மாசத்துலேந்து வேகம் கொறஞ்சு மாசத்துக்கு அரை கிலோ மாதிரி வரும், நெறைய பேர் "மூணு மாசம் வரைக்கும் நல்லா ஏறுச்சு, இப்ப நின்னுடுச்சு"ன்னு பதறுறது இதப் பாத்து தான், அது நின்னு போகல. அஞ்சு மாசம் வாக்குல பொறந்த வெயிட் டபுள், ஒரு வயசுல மூணு மடங்கு, இது ஞாபகம் இருந்தா போதும்.

வெயிட் பாக்குறப்ப எப்பவும் ஒரே மெஷின், டிரெஸ் இல்லாம, டயப்பர் இல்லாம. நனஞ்ச டயப்பரே 100 கிராமுக்கு மேல காட்டும். அம்மா தூக்கிட்டு பாத்ரூம் ஸ்கேல்ல நின்னு கழிச்சு பாக்குற கணக்கு கைக்குழந்தைக்கு ஒத்து வராது. தினமும் பாத்து டென்ஷன் ஆக வேண்டாம். ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம் ஊசிக்கு போறப்ப எப்படியும் வெயிட் பாப்பாங்க, நடுவுல சந்தேகம்னா பக்கத்துல இருக்க அங்கன்வாடிலயோ சுகாதார நிலையத்துலயோ பாத்துக்கலாம். தாய் சேய் நல அட்டைல ஆண் குழந்தைக்கு தனி, பெண் குழந்தைக்கு தனி சார்ட் இருக்கும், அதுல புள்ளி வச்சுக் குடுக்க சொல்லி கேளுங்க, சும்மா நம்பர மட்டும் எழுதிக் குடுத்தா விடாதீங்க. 2.5 கிலோல பொறந்த புள்ள கீழ இருக்க கோட்டுலயே மேல ஏறிட்டு இருந்தா அது ஆரோக்கியமான புள்ள தான், 3.5ல பொறந்த எதிர்வீட்டு புள்ளையோட ஒப்பிடவே கூடாது. கவலைப்பட வேண்டியது கோடு படுக்குறப்பவும் கீழ எறங்குறப்பவும் தான். குறைமாசத்துல பொறந்ததுன்னா பொறந்த நாள்லேந்து இல்ல, டாக்டர் குறிச்சுக் குடுத்த பிரசவ தேதிலேந்து வயசு கணக்கு போடணும். "இதெல்லாம் வெள்ளக்காரன் சார்ட்டு"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, 2006ல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட இந்த சார்ட்டுக்கு அளவெடுத்த ஆறு நாட்டுல இந்தியாவும் ஒண்ணு, டெல்லி குழந்தைங்களும் அதுல இருக்காங்க.

வீட்டுல மெஷின் இல்லையேன்னு கவலப்படாதீங்க, துணிய பாருங்க. அஞ்சாவது நாளுக்கு அப்புறம் 24 மணி நேரத்துல ஆறு தடவைக்கு மேல வெளிர் நிறத்துல ஒண்ணுக்கு போச்சுன்னா பால் போகுதுன்னு அர்த்தம். கருப்பா போயிட்டு இருந்த மலமும் அதுக்குள்ள மஞ்சளாகியிருக்கணும்.

இப்ப பால் குடுக்குற விஷயம், வெயிட் ஏறாத பாதி குழந்தைங்களுக்கு பிரச்சன இங்க தான்னு நான் நெனக்கிறேன். காம்ப மட்டும் சப்புனா பால் வராது, அம்மாவுக்கும் புண்ணாயிடும். வாய் அகலமா தெறந்து, கீழ் உதடு வெளிய மடங்கி, தாடை மார்புல ஒட்டி, காம்ப சுத்தி இருக்க கருப்பு பகுதியும் பெரும்பாலும் உள்ள போயிருக்கணும், முழுங்குற சத்தம் கேக்கணும். ஒரு பக்கம் நல்லா குடிச்சு அதுவா விட்ட பிறகு அடுத்த பக்கம் மாத்துங்க, கடைசில வர்ற பால்ல தான் கொழுப்பு அதிகம், அஞ்சு நிமிஷத்துல மாத்தி மாத்தி குடுத்தா அது கெடைக்காம போயிடும். ஒரு நாளைக்கு 8லேந்து 12 தடவ, ராத்திரியும் சேத்து. மொத சில வாரம் தூங்கியே கெடக்குற குழந்தைய மூணு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க, துணிய கழட்டி பாதத்த தேச்சு எழுப்பி குடுங்க. சில நாள் சாயங்காலம் முழுக்க மார்ப விடாம அழும், பால் இல்லன்னு அர்த்தம் இல்ல, வளர்ற வேகத்துல அதிகமா கேக்குது, அப்ப தான் பாட்டில் உள்ள வரும், பாட்டில் வந்தா சப்புறது கொறையும், சப்புறது கொறஞ்சா ஊறுறதும் கொறையும். பூண்டு, முருங்கைக்கீரை, சுறாப்புட்டு எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமா சாப்பிடுங்க, ஆனா பால ஊற வைக்கிறது குழந்தை சப்புறது தான். பத்தியம்னு சொல்லி அம்மாவுக்கு தண்ணியயும் காய்கறியயும் கொறைக்கிற வீடு இன்னும் இருக்கு, அது வேண்டவே வேண்டாம்.

ஆறு மாசம் வரைக்கும் சேனை, சர்க்கரைத் தண்ணி, கழுதைப் பால், கிரைப் வாட்டர், வெறும் தண்ணி எதுவும் தேவையில்ல. அந்த சின்ன வயிறு இதுலயே ரொம்பிடுச்சுன்னா பால் எங்க போகும்? தேன் ஒரு வயசு வரைக்கும் தொடவே கூடாது, அதுல இருக்க கிருமி உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதிக் குடுக்குற விட்டமின் டி சொட்டு மருந்து மட்டும் விடாம குடுங்க.

2.5 கிலோவுக்கு கீழ பொறந்த குழந்தைய டயப்பரும் தொப்பியும் மட்டும் போட்டு அம்மாவோட வெறும் நெஞ்சுல ஒட்டி வச்சு மேல துணி சுத்திக்கோங்க, அப்பாவும் செய்யலாம், உடம்பு சூட்டுக்கு செலவாகுற சத்து மிச்சமாகி வெயிட்டுக்கு போகும். சப்ப தெம்பு இல்லன்னா பால பீய்ச்சி பாலாடைல (சங்கு மாதிரி மூக்கு வச்ச சின்னக் கிண்ணம்) குடுங்க. டாக்டர் பவுடர் பால் தான்னு சொல்லிட்டா குற்ற உணர்ச்சி வேண்டாம், டின்ல போட்ட அளவுல கலக்குங்க, டின் சீக்கிரம் தீருதேன்னு தண்ணிய கூட ஊத்துனா வெயிட் ஏறாது.

ஆறு மாசம் முடிஞ்சதும் தாய்ப்பாலோட திட உணவு ஆரம்பிங்க, தண்ணியா கஞ்சி வேண்டாம், ஸ்பூன சாய்ச்சா ஒழுகாத அளவுக்கு கெட்டியா இருக்கணும். பருப்பு சாதம் நெய், ராகிக் கூழ், முட்ட, முள்ளெடுத்த மீன், மசிச்ச வாழைப்பழம். உப்பு சர்க்கரை வேண்டாம், மாட்டுப்பால குடிக்க குடுக்குறது ஒரு வயசுக்கு மேல தான்.

சில விஷயம் மட்டும் காத்திருக்கக் கூடாது. ரெண்டு வாரம் ஆகியும் பொறந்த வெயிட் வரல, ஒண்ணுக்கு கொறஞ்சு கலர் அடர்த்தியா ஆகுது, பால் குடிக்கிறப்ப நெத்தி வேர்த்து மூச்சு வாங்குது, பால் பீச்சியடிச்ச மாதிரி வாந்தி, இதெல்லாம்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க. பச்சையா வாந்தி எடுத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, எழுப்பியும் பால் குடிக்காம தொவண்டு கெடந்தாலோ ராத்திரியா இருந்தாலும் 108 கூப்பிடுங்க. ரெண்டு வாரத்துக்கு மேலயும் மஞ்சக்காமாலை இருந்து, மலம் வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி போச்சுன்னா பித்தக் குழாய் அடைப்பா இருக்கலாம், அதுக்கு 60 நாளுக்குள்ள ஆபரேஷன் பண்ணா தான் பலன் அதிகம், அதனால வெயில்ல காட்டுனா சரியாயிடும்னு நாள கடத்தாம அந்த துணிய போட்டோ எடுத்துட்டு நேரா குழந்தை டாக்டர பாருங்க.