ஞாஞ்சா பாசை பழக எங்கையிருந்து தொடங்கிறது?

மச்சான் ஒராள் சாம்பியாவின்ரை தலைநகர் லுசாகாவிலை வேலை, அவரிட்டைப் போய் நிக்கிற யோசினையிலை யாழ்ப்பாணத்திலை இருந்தே வாட்ஸ்அப்பிலை கேட்டுக் கேட்டுப் பழகின பாசை இது. சாம்பியா, மலாவி, மொசாம்பிக் எண்டு பரவிக் கிடக்கு. மலாவியிலை 1968இலை அதுக்கு சிச்சேவா எண்டு பேர் மாத்திப்போட்டாங்கள், பாசை ஒண்டுதான். ஞாஞ்சா எண்டால் ஏரி.

பேரை நியாஞ்சா எண்டு எழுதாதேங்கோ, எங்களிட்டை ஞ இருக்கெல்லோ. அரிச்சுவடியோட கைவிட்ட ங கூட அங்கை சொல்லுக்கு முதல்லயே வரும், மாட்டுக்கு ஙோம்பே. எங்களுக்கு இடறுறது காத்து விட்டுச் சொல்லுற ப, ட, க தான். காலமைக் கஞ்சிக்கு "பாலா" எண்டு சொல்லேக்கை உள்ளங்கையை வாய்க்கு முன்னாலை பிடியுங்கோ, காத்து சுள்ளெண்டு படோணும். இதைத் தமிழ் எழுத்திலை குறிச்சு வைச்சால் ரெண்டு நாளிலை குழம்பிப்போடும், அங்கத்தைச் சனம் மாதிரி இங்கிலீசு எழுத்திலையே கொப்பியிலை எழுதுங்கோ.

முதல் பழகவேண்டியது சுகம் விசாரிக்கிறது. "மூலி ப்வாஞ்சி?" எண்டால் எப்பிடிச் சுகம், "ன்டிலி ப்வீனோ" எண்டால் நல்லா இருக்கிறன். நன்றிக்கு "சிகோமோ", அதிலை சி-யை இசட் மாதிரிச் சொல்லோணும். பெரியாக்களை ஈவே எண்டு கூப்பிட்டால் மரியாதை கெட்டுப்போடும், அது எங்கடை "நீ", அவைக்கு எப்பவும் ஈனு. அம்மாவுக்கு அமாயி, அது தானா மனசிலை நிண்டுட்டுது.

இனித்தான் சரக்கு. எங்கடை "போறன்"இலை "நான்" எண்டதைச் சொல்லுற "ன்" கடைசியிலை இருக்கு, அங்கை அது முன்னுக்கு வந்து நிக்கும், காலமும் அதுக்குப் பக்கத்திலை. ன்டிகுபீட்டா எண்டால் போறன், ன்டினாபீட்டா போனன், ன்டிட்ஸாபீட்டா போவன். போகேல்லை எண்டுறதுக்கு "சி"யைத் தூக்கி முன்னுக்குப் போட வேண்டியதுதான், சின்டிகுபீட்டா. முதல் சொன்ன ன்டிகுபீட்டாவிலை பீட்டாவை எடுத்துப்போட்டு ஃபூனாவை வைச்சால் "வேணும்", தண்ணி மாட்ஸி, அப்ப தண்ணி வேணும் எண்டுறதை நீங்களே சொல்லிப் பாருங்கோ.

தலையிடி என்னெண்டால் பெயர்ச்சொல்லு ஒவ்வொண்டும் ஒரு கூட்டத்திலை சேர்ந்தது, "என்ரை" எண்ட சொல்லும் அந்தக் கூட்டத்துக்கேத்த மாதிரி மாறும். என்ரை பிள்ளை ம்வானா வாங்கா, என்ரை வீடு ஞும்பா யாங்கா. இதைப் பாடமாக்க வெளிக்கிட்டு நான் ஒரு கிழமை வீணாக்கினனான். சொல்லைத் தனியப் படியாமல் "என்ரை"யோடயே சேர்த்துப் படியுங்கோ, காது பழகிடும்.

விடைபெறேக்கை போறவர் "ட்ஸலானி ப்வீனோ", நல்லா இருங்கோ எண்டுவார், நிக்கிறவர் "பிட்டானி ப்வீனோ", நல்லாப் போங்கோ எண்டுவார். எங்கடை "போட்டு வாறன்" மாதிரி எண்டு நினைச்சு ஃபோனிலை சொல்லப் பாத்தால் ஆர் போறது, ஆர் நிக்கிறது? அதாலை நான் இப்ப "டியொனானா", சந்திப்பம் எண்டுபோட்டுக் கட் பண்ணுறன்.