தோட்டப்புற நகரில் வீடு வாங்குவதற்கு முன் கிராண்டைப் படியுங்கள்

பேராக்கின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் வரவேற்பறையையும் சமையலறையையும் காடி நிறுத்தும் இடத்தையும் பார்த்து மனத்தளவில் முடிவெடுத்துவிட்டு, அதன் பிறகே கிராண்டை, அதாவது நில உரிமைப் பத்திரத்தை, கேட்கிறார்கள். இந்த வரிசை தவறானது. வீட்டில் உள்ள குறையைக் காசு செலவழித்துத் திருத்திக்கொள்ளலாம். கிராண்டில் உள்ள குறையை எந்தக் கொத்தனாராலும் பூச முடியாது.

நம் பகுதியில் இந்த எச்சரிக்கை கூடுதலாகத் தேவைப்படுகிறது, ஏனெனில் இங்குள்ள நிலத்தில் பெரும்பகுதி ஒரு காலத்தில் ரப்பரும் இப்போது செம்பனையும் விளையும் விவசாய நிலம். தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறியபோது, தலைமுறைகளாக லயன் வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் கையில் ஒரு தாளும் இல்லாமல் வெளியேற நேர்ந்தது. 1960ஆம் ஆண்டில், சுங்கை சிப்புட்டின் மைந்தரும் அப்போதைய அமைச்சருமான துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்ததற்குப் பின்னணி அந்தத் துண்டாடல்தான். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் மறுபடியும் தாளில்லாத வீட்டுக்குப் பணம் கொடுப்பதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை.

கிராண்டின் நகலை விற்பவர் காட்டுவது போதாது. அதில் உள்ள எண்ணைக் குறித்துக்கொண்டு, நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்திச் ‘சாரியான்’ என்னும் பதிவேட்டுத் தேடல் தாளை எடுக்க வேண்டும். அதுதான் அந்த நிலத்தின் இன்றைய நிலையைச் சொல்லும். அந்தத் தாளில் உரிமையாளர் பெயரைப் பார்த்த கையோடு ‘கத்தகோரி கெகுனாஆன் தானா’ (நிலப் பயன்பாட்டு வகை) என்ற வரிக்குச் செல்லுங்கள். அங்கே ‘பாஙுனான்’ என்றிருந்தால் அது கட்டட நிலம். ‘பெர்த்தானியான்’ என்றிருந்தால் விவசாய நிலம். அடுத்து ‘செக்காத்தான் கெப்பெந்திஙான்’ (உரிமைக் கட்டுப்பாடு) என்ற பகுதி. மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் பெயர் மாற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருக்கலாம். குத்தகை நிலங்களிலும் மலிவு விலை வீடுகளிலும் இது வழக்கமாகக் காணப்படும். ஒப்புதல் கிடைக்க மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால், ஒப்பந்தத்தின் காலக்கெடு அந்த ஒப்புதல் வந்த நாளிலிருந்து தொடங்குமாறு எழுதச் சொல்லுங்கள். மலாய்க்காரர் ஒதுக்கீட்டு நிலம் என்று குறிக்கப்பட்டிருந்தால் நாம் அதை வாங்கவே இயலாது. வங்கி அடமானமும், பெயர் மாற்றத்தைத் தடுக்க யாரேனும் போட்டிருக்கும் கேவியட்டும் இதே தாளில் தெரிந்துவிடும். 99 ஆண்டுக் குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்று கணக்கிடுங்கள். மிச்சக் காலம் குறையக் குறைய வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கும்.

தோட்டப்புறங்களில் அதிகப் பணம் பறிபோவது பங்கு நிலத்தில்தான். மூன்று நான்கு ஏக்கர் விவசாய நிலத்தை ஒருவர் வாங்கி, கயிறு கட்டி, செம்மண் பாதை போட்டு, ‘லாட்’ என்று பிரித்து, ஓர் ஒப்பந்தத் தாளையோ அதிகாரப் பத்திரத்தையோ மட்டும் கையில் கொடுத்து விற்பார். விலை பாதிக்கும் குறைவாக இருக்கும், வாங்குகிறவர்களும் தெரிந்தவர்களாக இருப்பார்கள் என்பதால் நம்பிக்கை எளிதில் வந்துவிடுகிறது. ஆனால் நில அலுவலகத்தில் அந்த நிலம் முறைப்படி பிரிக்கப்படாத வரையில் உங்கள் மனைக்குத் தனிக் கிராண்டு கிடையாது. பெயரைப் பங்குதாரராகச் சேர்த்தாலும், எந்த மூலை உங்களுடையது என்று எந்தப் பதிவும் சொல்லாது. வங்கிக் கடனும் அநேகமாகக் கிடைக்காது. இதைவிடப் பலவீனமானது அரசாங்க நிலத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தோடு, அதாவது ‘டிஓஎல்’லோடு, நிற்கும் வீடு. அந்த உரிமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது, பிறருக்கு மாற்ற முடியாதது, உரிமம் பெற்றவர் இறந்தால் அதோடு முடிவது. ஆகவே அதை ‘விற்பவர்’ கையில் விற்பதற்கு உரிமை எதுவும் இல்லை.

கிராண்டில் உள்ளவர் காலமாகியிருப்பதும் உண்டு. பிள்ளைகள் எல்லோரும் சம்மதம் என்று தலையாட்டினாலும், சொத்தை நிர்வகிக்கும் ஆணையை அவர்கள் பெறாத வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.

பணத்தைப் பற்றிய கணக்கு மாதத் தவணையோடு நின்றுவிடக் கூடாது. பழைய வீடு ஒன்றை 250,000 வெள்ளிக்கு 90 விழுக்காட்டுக் கடனில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கையிலிருந்து 25,000 வெள்ளி வைக்க வேண்டும். பெயர் மாற்ற முத்திரை வரி முதல் 100,000க்கு 1 விழுக்காடு, அதற்கு மேல் 500,000 வரை 2 விழுக்காடு என்ற கணக்கில் 4,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு 0.5 விழுக்காடு என்றால் 1,125 வெள்ளி. விற்பனை ஒப்பந்தம், கடன் பத்திரம் இரண்டுக்கும் வழக்கறிஞர் கட்டணம் தலா 1.25 விழுக்காட்டில் ஏறத்தாழ 5,900 வெள்ளி. ஆக ஏறத்தாழ 36,000 வெள்ளி, மதிப்பீட்டுக் கட்டணமும் பழுதுபார்ப்பும் இதில் சேரவில்லை. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்கு 500,000 வெள்ளி வரையிலான வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு 2021 முதல் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. நீங்கள் கையொப்பமிடும் நாளில் அது நடப்பில் உள்ளதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். ஊழியர் சேமநிதியின் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்தும் வீட்டுக்காகப் பணம் எடுக்கலாம்.

கடன் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே முன்பணம் கட்டிவிடுவது மற்றொரு தவறு. உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை முதலில் எடுத்துப் பாருங்கள். மோட்டார் சைக்கிள் தவணையும் பிள்ளையின் பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன் பாக்கிக்கு நீங்கள் இட்ட ஜாமீனும்கூடக் கடனைத் தடுக்கக்கூடும். முன்பணம் கொடுக்கும்போது, கடன் மறுக்கப்பட்டால் முழுத் தொகையும் திரும்ப வரும் என்று எழுத்தில் பெறுங்கள். அந்தப் பணம் பதிவுபெற்ற முகவர் நிறுவனத்தின் கணக்குக்கோ வழக்கறிஞரின் கணக்குக்கோ போக வேண்டுமே தவிர, முகவரின் சொந்தக் கணக்குக்குப் போகக் கூடாது. முன்பணம் இல்லாதவர்களிடம், விலையை ஒப்பந்தத்தில் ஏற்றிக் காட்டி முழுக் கடன் வாங்கித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அது வங்கியிடம் பொய் சொல்வது, கையொப்பம் உங்களுடையது. கொட்டாய்க் கடை, லோரி ஓட்டம் என்று சம்பளச் சீட்டில்லாத தொழில் செய்கிறவர்கள் எஸ்ஜேகேபி என்னும் அரசின் கடன் உத்தரவாதத் திட்டத்தை விசாரிப்பது நல்ல வழி.

வீட்டைப் பார்க்க நல்ல மழைக்குப் பிறகு ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் செல்லுங்கள். பின்கட்டின் கதவு நிலையை விரல் முட்டியால் தட்டினால், கரையான் தின்ற மரம் உள்ளே காலியான ஓசை தரும். நிலையின் அடியில் பென்சில் கனத்துக்கு மண் குழாய் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய தோட்ட நிலத்தில் கட்டிய தாமான்களில் கரையான் அரிய செய்தியன்று. சுவரில் முழங்கால் அளவில் ஒரே மட்டமாகப் புதுச் சாயம் இருந்தால் வெள்ளம் வந்ததா என்று பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். செம்பனை ஆலை அருகே இருந்தால் காற்று வீசும் திசையும் முக்கியம்.

கட்டுமான நிறுவனத்திடம் புதிய வீடு வாங்குவோர், உரிமமும் விளம்பர அனுமதியும் இருப்பதை உறுதி செய்த பிறகே கையொப்பமிட வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன் ‘புக்கிங்’ பணம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. ‘இலவசமாக’ வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறோம் என்றால், அவர் நிறுவனத்தின் வழக்கறிஞர் என்பதை உணர்ந்து உங்களுக்கென்று ஒருவரை அமர்த்துங்கள். நிலத்தோடு கூடிய வீட்டை 24 மாதங்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். தாமதமானால் வீட்டு விலையில் ஆண்டுக்கு 10 விழுக்காடு என்ற கணக்கில் நாள்வாரியாக இழப்பீடு உண்டு. சாவி கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதங்கள் குறைகளைத் திருத்தும் பொறுப்பு நிறுவனத்துடையது. ஒவ்வொரு வெடிப்பையும் ஒழுக்கையும் தேதியுடன் படமெடுத்து, கடிதமாகக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை உங்கள் பிரதியில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் காது கொடுக்காவிட்டால், அந்தக் காலம் முடிந்து 12 மாதங்களுக்குள் வீடு வாங்குவோர் நடுவர் மன்றத்தில் 10 வெள்ளி கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளி வரை கோரலாம்.