ஆயா வீட்டில் கை, கால், வாய்ப்புண் நோய் பரவும்போது

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் பெற்றோர் இருவரும் விடியுமுன் வேலைக்குப் புறப்பட்டுவிடுவதால், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் பலர் ஒரே ஆயா வீட்டில், ஒரே பாயிலும் ஒரே பொம்மைகளோடும் பகலைக் கழிக்கின்றனர். அதனால் கை, கால், வாய்ப்புண் நோயை முதலில் கண்டுகொள்ள வேண்டியவர் ஆயாவே. காலையில் பிள்ளையை வாங்கும்போதே நெற்றியைத் தொட்டு, உள்ளங்கை, உள்ளங்கால், வாய் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் முதலில் வரும்; ஓரிரு நாளில் வாய்ப்புண்களும் சிவந்த கொப்புளங்களும் தோன்றும்.

இதை அம்மை என்று எண்ணி, வேப்பிலை செருகி, மருந்தின்றி வைத்திருப்போர் இன்றும் உண்டு. பிள்ளையை வீட்டிலேயே வைத்திருப்பது சரிதான். மருத்துவரிடம் காட்டாமலிருப்பதே ஆபத்து. பெரும்பாலோருக்கு 7 முதல் 10 நாளில் தானாகக் குணமாகும் என்றாலும், இந்நோயை உண்டாக்கும் வைரஸ்களில் ஒன்றான எண்டெரோவைரஸ் 71 மூளையைத் தாக்கக்கூடியது. 1997இல் மலேசியாவின் சரவாக் மாநிலத்தில் அது பரவியபோது குழந்தைகள் பலர் உயிரிழந்தனர். கொப்புளத்தைப் பார்த்து எந்த வைரஸ் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ, பிள்ளை தூக்கத்தில் அடிக்கடி திடுக்கிட்டாலோ, நடை தள்ளாடினாலோ, ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, சோர்ந்து கிடந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

வீட்டில் இருக்கும்போது, வாய்ப்புண்ணால் பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்க மறுக்கும். ஆறிய கஞ்சி, தயிர், குளிர்ந்த பால் ஆகியவற்றைக் கரண்டி கரண்டியாக ஊட்டுங்கள்; காரமும் புளிப்பும் வேண்டா. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் போதும், ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழியவில்லை என்றால் அதுவும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறியே.

கைதூய்மித் திரவம் இவ்வைரஸை முழுமையாக அழிப்பதில்லை. சவர்க்காரமும் ஓடும் நீருமே நம்பத்தக்கவை. டயப்பர் மாற்றிய ஒவ்வொரு முறையும், சோறூட்டுவதற்கு முன்பும் கைகழுவ வேண்டும். பொம்மைகளையும் தரையையும் சவர்க்காரத்தால் கழுவியபின், ஒரு லிட்டர் நீரில் 20 மில்லிலிட்டர் குளோரோக்ஸ் (வீட்டில் பயன்படுத்தும் வெளுப்புத் திரவம்) கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டு, நல்ல நீரால் அலசி வெயிலில் காயவைக்கலாம். கலவையை அன்றன்றே தயாரித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

கொப்புளங்கள் காய்ந்து, மருத்துவர் அனுமதித்த பிறகே பிள்ளையை ஆயா வீட்டுக்கோ பாலர் பள்ளிக்கோ அனுப்ப வேண்டும். ஒருநாள் சம்பளம் போகுமே என்ற கவலை நியாயமானது. ஆனால் நோயை மறைத்து அனுப்பினால், அங்குள்ள எல்லாப் பிள்ளைகளின் பெற்றோரும் அடுத்தடுத்து வேலைக்குப் போகாமல் இருக்க நேரும். புண் ஆறிய பின்னும் மலத்தில் வைரஸ் பல வாரங்கள் வெளியேறும் என்பதால், பிள்ளை திரும்பி வந்த பிறகும் டயப்பர் மாற்றும்போது இதே கவனம் தொடர வேண்டும்.