ஊட்டித் தோட்டத்தில் சொந்த மண்ணின் புல்

நீலகிரியில் வீடு கட்டுபவர்கள் முற்றத்துக்குப் பெரும்பாலும் கிகுயு புல்லைத்தான் தேடுகிறார்கள். அது கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் புல். கொடி விட்டுப் படர்ந்து வேலி தாண்டிப் போய்விடும்.

அதற்குப் பதில் சோலைக் காடுகளை ஒட்டிய மலைப் புல்வெளியில் இயற்கையாக வளரும் கிரைசோபோகன் புல்லை வைத்துப் பாருங்கள். அடையாளம் எளிது: படராது, தூர் தூராகக் குத்தாக நிற்கும். விதையை நம்பாமல், ஒரு குத்தை வேரோடு பிரித்து, கைப்பிடி அளவுத் துண்டுகளாக்கி, ஒரு அடி இடைவெளியில் நடுங்கள். தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் ஜூனில் நட்டால் டிசம்பர் உறைபனிக்குள் வேர் ஊன்றிவிடும். வெயிலும் முக்கியம். மர நிழலில் வைத்துவிட்டுப் புல்லைக் குறை சொல்லாதீர்கள்! அப்புறம், முதல் வருஷம் களையெடுப்பு ஓயாது. சீகை மரக் கன்றுகள் (வாட்டில் எனும் அயல்நாட்டு மரம்) தலைகாட்டினால் உடனே பிடுங்கிவிடுங்கள்.

நாற்றைக் காட்டிலிருந்து பெயர்க்காதீர்கள், உள்ளூர்ப் புல் வளர்க்கும் நாற்றங்காலில் கேளுங்கள். குறிப்பாகச் சதுப்பில் வளரும் எரியோகிரைசிஸ் ரங்காச்சாரி பக்கம் கையே வைக்க வேண்டாம். தோடர்கள் கோயில் கூரை வேயும் புல் அது; நீலகிரியில் சதுப்புகளே சுருங்கிவிட்டன.