வெண்டிலேட்டர்ல இருந்து அப்பா அம்மாவ பைய பைய இறக்குறப்போ வீட்டாளுங்க என்ன செய்யலாம்

ஒரு வாரம் பத்து நாள் வெண்டிலேட்டர்ல கிடந்தவங்களுக்கு நுரையீரல் சரியானாலும் உடனே மெஷின எடுத்துர முடியாது, ஏன்னா நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற உதரவிதானம், அதுதான் மூச்ச இழுக்குற முக்கியமான தசை, அதோட வேலைய மெஷினே செஞ்சு குடுத்துட்டு இருந்ததால மெலிஞ்சு போயிருக்கும். கை கால் தசையும் அப்படித்தான். அதனால மெஷினோட உதவிய கொஞ்சம் கொஞ்சமா கொறச்சு சொந்தமா மூச்சு விட வச்சு பாப்பாங்க, இதத்தான் டாக்டருங்க வீனிங்னு சொல்லுவாங்க. சிலருக்கு முதல் நாளே முடிஞ்சிரும், வயசான ஆளு, அதுவும் பீடி குடிச்ச நெஞ்சு, சுகர், ஹார்ட்டுன்னு இருந்தா வாரக்கணக்கா இழுக்கும். எனக்க அப்பாவுக்கு அப்படித்தான் இழுத்துச்சு. அப்போ பாத்தும் கேட்டும் தெரிஞ்சுகிட்டத எழுதுறேன், ஆசாரிபள்ளம் கவர்மெண்ட் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியிலயோ நாகர்கோவில் பிரைவேட்லயோ திருவனந்தபுரத்துலயோ ஐசியு வாசல்ல இப்போ உக்காந்திருக்குற யாருக்காவது உதவட்டும்.

காலையில என்ன நடக்கும்னா முதல்ல மயக்க மருந்த கொறப்பாங்க இல்ல நிறுத்துவாங்க. ஆளு முழிச்சு, கைய அழுத்துங்கன்னு சொன்னா அழுத்தணும், இருமல் வரணும், பிபி பெருசா மருந்து இல்லாம நிக்கணும், ஆக்சிஜன் 40, 50 சதவீதத்துக்குள்ள போதும்ங்கற நிலைமை வரணும் (நாம சுவாசிக்குற சாதா காத்துல 21 சதவீதம் உண்டு). இதெல்லாம் சரியா இருந்தா அரை மணி நேரத்துல இருந்து ரெண்டு மணி நேரம் வரைக்கும் மெஷின் உதவிய ரொம்ப கொறச்சோ, இல்ல டி-பீஸ்னு ஒரு குழாய மாட்டியோ தனியா விட்டு பாப்பாங்க. மூச்சு நிமிஷத்துக்கு 35-க்கு மேல ஓடுனாலோ, ஆக்சிஜன் அளவு 90-க்கு கீழ போனாலோ, வேர்த்து கொட்டி கழுத்து தசையெல்லாம் எழும்பி இழுத்தாலோ நிறுத்திட்டு திரும்ப மெஷின்ல போட்டுருவாங்க.

இந்த 'திரும்ப போட்டுட்டாங்க'ங்கற வார்த்தைய கேட்டதும் வீட்ல எல்லாரும் இடிஞ்சு போயிருவாங்க, அங்கதான் நீங்க தைரியமா நிக்கணும். அன்னைக்கு தசை களச்சிருச்சு, அவ்வளவுதான். ராத்திரி நல்லா ரெஸ்ட் குடுத்துட்டு பொதுவா மறுநாள்தான் திரும்ப பாப்பாங்க, களச்ச தசைய விரட்டுனா இன்னும் பின்னாடிதான் போகும். டாக்டர பாக்கும்போது "எப்போ எடுப்பீங்க"ன்னு கேக்குறத விட "இன்னைக்கு எதனால நிக்கல"ன்னு கேளுங்க. சளி கெட்டியா இருக்கலாம், பொட்டாசியம் பாஸ்பேட் கொறஞ்சிருக்கலாம், ரத்தம் கொறவா இருக்கலாம், உடம்புல நீர் தேங்கியிருக்கலாம், ஹார்ட் பம்பிங் கொறவா இருக்கலாம், புதுசா இன்ஃபெக்ஷன் வந்திருக்கலாம். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா வைத்தியம் உண்டு, காரணம் தெரிஞ்சா உங்க மனசும் கொஞ்சம் அடங்கும். ஒரு சின்ன நோட்டு வாங்கி தினமும் எத்தன சதவீதம் ஆக்சிஜன், எவ்வளவு நேரம் தனியா விட்டாங்க, எதனால நிறுத்துனாங்க, காய்ச்சல் உண்டா, இத மட்டும் எழுதி வச்சுக்கிடுங்க. நேத்தோட ஒப்பிட்டு பாக்காதீங்க, போன வாரத்தோட ஒப்பிட்டு பாருங்க, அப்போதான் முன்னேற்றம் கண்ணுக்கு தெரியும்.

மானிட்டரயே பாத்துட்டு நிக்கறதும் வேண்டாம். முக்கியமா ரொம்ப வருஷம் பீடி சிகரெட் குடிச்சு நுரையீரல் அடைப்பு வந்தவங்களுக்கு ஆக்சிஜன் அளவு 88-ல இருந்து 92 வரைக்கும் இருந்தா போதும்னுதான் டாக்டரே வச்சிருப்பாங்க, அத பாத்து பயந்து போய் ஆக்சிஜன கூட்டுங்கன்னு நர்ஸ்கிட்ட சண்டை போடாதீங்க, அவங்களுக்கு ஆக்சிஜன் அதிகமானா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறி மயக்கம் வரலாம்.

ஒண்ணு ரெண்டு வாரம் தாண்டியும் குழாய் வாயிலயே இருந்தா டிரக்கியாஸ்டமி பண்ணலாமான்னு கேப்பாங்க. கழுத்துல ஓட்ட போடுறதுன்னு கேட்டதும் எல்லாருக்கும் நெஞ்சு பதறும், ஆனா பல பேருக்கு அதுக்கப்புறம்தான் வீனிங் லேசாகும், வாயில குழாய் இல்லாததால மயக்க மருந்து கொறயும், சளி எடுக்க சுலபம், எழுப்பி உக்கார வைக்கலாம். அப்புறம் பகல்ல ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு கூட்டிட்டே போய் கடைசியா ராத்திரியும் மெஷின் இல்லாம தூங்க வைப்பாங்க.

இனி நம்ம வேலைக்கு வாறேன். குழாய் இருக்குற வரைக்கும் சத்தம் வராது, சொல்ல வந்தத சொல்ல முடியாம அவங்க படுற பாடு நாம நினைக்கிறத விட பெருசு. ஒரு அட்டையில பெரிய எழுத்துல வலிக்குது, மூச்சு முட்டுது, சளி எடுக்கணும், தாகம், ஒண்ணுக்கு, வெளிக்கு, திரும்பி படுக்கணும், குளிருது, பயமா இருக்குன்னு எழுதி பக்கத்துல படமும் போட்டு குடுங்க. ஒவ்வொண்ணா விரல வச்சு கேளுங்க, ஆமான்னா கண்ண ஒரு தடவ மூடட்டும். கண்ணாடி, காது மெஷின் உண்டுன்னா கேட்டு மாட்டி விடுங்க, அது இல்லாம பாதி பேரு குழம்பி போறாங்க. கன்னியாகுமரி மாவட்டத்துல மேக்க உள்ள நம்ம ஆளுங்க தண்ணிக்கு வெள்ளம்னுதான் உதட்ட அசைப்பாங்க, பேச்சு பழக்கம் தெரியாத நர்ஸா இருந்தா இந்த மாதிரி நாலஞ்சு வார்த்தைய எழுதி குடுத்துட்டு வாங்க.

நர்ஸ்கிட்ட அவங்க யாருங்கறதயும் சொல்லணும். எனக்க அப்பா ரப்பர் பால் வெட்டப் போற ஆளு, வருஷக்கணக்கா ராத்திரி ரெண்டரை மூணு மணிக்கு எழும்பி நெத்தியில லைட்ட கட்டிட்டு தோட்டத்துக்கு போனவரு. ஐசியுல அதே நேரத்துக்கு கண்ண முழிச்சு கைய மேலயும் கீழயும் இழுத்துட்டு கிடப்பாரு, குழாய புடுங்க பாக்குறாருன்னு நினச்சு கைய கட்டி போட்டிருந்தாங்க. அவரு தொழில சொன்னதும் நைட் சிஸ்டர் அந்த நேரம் பக்கத்துல வந்து "சேட்டா, இன்னைக்கு மழை, வெட்டு கிடையாது"ன்னு சொல்லி கைய பிடிச்சுக்கிடுவாங்க, அப்படியே அடங்கி திரும்ப தூங்கிருவாரு. ஐசியுல குழப்பம் வாறது ரொம்ப சாதாரணம், இல்லாத ஆள பாத்து பேசுவாங்க, நம்மளயே திட்டுவாங்க, மனசுல வச்சுக்கிடாதீங்க. போற ஒவ்வொரு தடவையும் நீங்க யாரு, இன்னைக்கு என்ன கிழமை, இது எந்த ஆஸ்பத்திரி, வீட்ல பசு கன்னு போட்டது வரைக்கும் பைய சொல்லுங்க. அண்ணனோ மருமகனோ கல்ஃப்ல இருந்தா வாய்ஸ் நோட் அனுப்ப சொல்லி காதுக்கு பக்கத்துல போட்டு விடுங்க. ராத்திரி தூக்கம்தான் மறுநாள் தனியா மூச்சு விட்டு பாக்குறதுக்கு பலம், அதனால ஒன்பது மணிக்கு மேல யாரும் போய் எழுப்பாதீங்க.

வாயில ஒண்ணும் விடக்கூடாது. கோயில் தீர்த்தம், சர்ச்சுல இருந்து கொண்டு வந்த எண்ணெய், தர்காவுல ஓதின தண்ணி, எதுவானாலும் நெத்தியில தொட்டு வையுங்க, ஒரு சொட்டு உள்ள போனாலும் நுரையீரலுக்கு போயிரலாம். குளச்சல்ல இருந்தும் மார்த்தாண்டத்துல இருந்தும் வேன் பிடிச்சு வாற சொந்தக்காரங்க அன்போடதான் வாறாங்க, ஆனா கட்டில் பக்கத்துல நின்னு அழுதா அவங்களுக்கு மூச்சு படபடன்னு ஏறும். கூட நிக்குற ஆளுக்கு குடுக்குற பைஸ்டாண்டர் பாஸ் ஒரு ஆளுகிட்டயே இருக்கட்டும், டாக்டர்கிட்ட பேசுறதும் அந்த ஆளுதான், மத்தவங்க வெளிய இருந்து ஜெபம் பண்ணட்டும். உள்ள போகும்போதும் வரும்போதும் கைய கழுவுங்க.

பிசியோக்காரர் வந்தா பக்கத்துல நின்னு பாத்து கத்துக்கிடுங்க. வெண்டிலேட்டரோடயே கட்டில் ஓரத்துல கால தொங்க போட்டு உக்கார வைக்கலாம், அத பாத்து பயப்பட வேண்டாம். நீங்க போற நேரத்துல விரல், கணுக்கால், முட்டிய மடக்கி நீட்டி விட அனுமதி கேளுங்க. தலப்பக்கம் 30-ல இருந்து 45 டிகிரி உயர்ந்திருக்கான்னு பாருங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பி படுக்க வைக்கிறாங்களான்னு தன்மையா கேளுங்க.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா வருஷத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆஸ்பத்திரி மாத்துறதுக்கு முன்னாடியே அங்க அது செல்லுமான்னு கேட்டுருங்க.

குழாய எடுத்த பிறகும் ரெண்டு மூணு நாள் கவனம். தொண்ட கரகரன்னு இருக்கும், சில பேருக்கு காத்த அழுத்தி குடுத்து மூச்சுக்கு உதவுற பைபாப் மாஸ்க் போடுவாங்க. விழுங்குறது சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணி டாக்டர் சொன்ன பிறகுதான் கஞ்சி, அதுவும் நிமிர்ந்து உக்காந்து, கெட்டியா, கொஞ்சமா. சாயா வேணும்னு கெஞ்சுவாங்க, மனசு தாங்காது, ஆனாலும் தண்ணி மாதிரி இருக்குறதுதான் சீக்கிரம் புரை ஏறும். மூணு பந்து உள்ள டப்பாவ இழுக்குற பயிற்சிய விடாம செய்ய வையுங்க.

வீட்டுக்கு வந்தா விறகடுப்பு, கொசுவத்தி, ரப்பர் ஷீட்டுக்கு புகை போடுறது எதுவும் பக்கத்துல வேண்டாம். காத்துல இருந்து ஆக்சிஜன பிரிச்சு குடுக்குற கரண்ட் மெஷின், அதான் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர், வச்சிருந்தா கூடவே ஒரு நிறஞ்ச சிலிண்டரும் வையுங்க, 2017 ஓக்கி புயல்ல நம்ம ஊருல எத்தன நாள் கரண்ட் இல்லாம கிடந்தோம்னு எல்லாருக்கும் தெரியும், இன்வெர்ட்டர நம்பி இருக்க முடியாது. நடக்க முடியாதவங்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம்ங்கற அரசு திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வருவாங்க, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரு குடுங்க. மூச்சு வேகமா இழுக்குறது, உதடு நீலமாகுறது, பகல்லயே எழுப்ப முடியாத தூக்கம், சளி மஞ்சளா பச்சையா மாறி காய்ச்சல் வாறது, இதுல எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்காம 108-க்கு அடிங்க, டிஸ்சார்ஜ் சம்மரியும் அந்த நோட்டும் கையோட எடுத்துக்கிடுங்க.